காய்ந்த சரிவுக்கு ஒரு பிடி காட்டு மண்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் கிழக்கே போகிறவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நகரத்தைச் சுற்றிப் பலாவும் கித்துளும் மிளகுக்கொடி ஏறிய மரங்களும் நெருங்கி நிற்கும் வீட்டுத்தோட்டங்கள். திகனையைத் தாண்டி விக்டோரியா நீர்த்தேக்கம் தென்படத் தொடங்கியதும் பச்சை வெளுக்கிறது. பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்து நிற்கும் அந்த நீரைச் சுற்றிய சரிவுகளில் மானாப்புல், பற்றைக்காடு, இடையிடையே வெறும் செம்மண். ஹுன்னஸ்கிரியவைக் கடந்து பதினெட்டு வளைவும் இறங்கி ஹசலக்கைக்கு வந்துவிட்டால் அது உலர் வலயம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. கிழக்குச் சரிவுகளுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை மிஞ்சுவது காய்ந்த காற்று.

இந்தச் சரிவுகளை மீண்டும் காடாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மகாவலியின் மேல்நீரேந்துப் பகுதி இது. இங்கே கரையும் மண் நீர்த்தேக்கங்களின் அடியில் போய்ப் படிகிறது. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் பாடசாலைகள், படையினர், தொண்டு நிறுவனங்கள், வங்கிகள் எனப் பலரும் கன்று நடுகிறார்கள். குழி வெட்டி, பொலித்தீன் பையைக் கிழித்து, கன்றை இறக்கி, மண் தள்ளி மிதித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த பெப்ரவரியின் வெயிலைக் கன்றுகள் எப்படியோ சமாளிக்கின்றன. ஜூனில் காற்று தொடங்கியதும் இலை சுருண்டு, நுனி கருகி, ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செத்தது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை ஆகாது. அதே சரிவில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஒரு பாறை ஓரத்தில் தானாக முளைத்த கன்று உயிரோடு நிற்பதை அங்கே நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் ஒன்று வேரில் இருக்கிறது. தானாக முளைத்த கன்றின் வேர் முதல் சில வாரங்களிலேயே மண்ணில் வாழும் ஒருவகைப் பூசணத்தோடு கூட்டுச் சேர்ந்துவிடுகிறது. நாற்றுமேடைக் கன்றுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அதன் பையில் இருப்பது எங்கோ மண்மேட்டிலிருந்து வெட்டி எடுத்த அடிமண்ணும் ஆற்று மணலும் கொஞ்சம் சாணமும். நாள்தோறும் தண்ணீரும் உரமும் கிடைக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது, தளதளவென்று வளரும். மலையில் தனியே விடப்பட்ட பிறகுதான் அது எவ்வளவு நிராதரவான வேர் என்பது தெரியவரும்.

மைக்கோரைசா என்று அறிவியலில் பெயர்பெற்ற இந்த வேர்ப்பூசணம் அபூர்வமான ஒன்றல்ல. நிலத்தில் வளரும் தாவர இனங்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை இதன் ஒரு வகையை வேருக்குள் வைத்திருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழமையான தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு பதிவாகியிருக்கிறது. 1885இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இதற்குப் பெயர் வைத்தார். விலையுயர்ந்த ட்ரஃபிள் காளானை வளர்க்க வழி தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. காளானைத் தேடித் தோண்டியவர், மரவேரைப் போர்த்தியிருந்த பூசணம் மரத்துக்குத் தீங்கு செய்யவில்லை, ஊட்டுகிறது என்று கண்டு எழுதினார். அன்று பலர் நம்பவில்லை.

கண்டிக்காரர்களுக்கும் அதை நம்புவது எளிதாக இருந்திராது. இந்த மலைநாட்டுக்குப் பூசணம் என்றால் அழிவு என்றுதான் பழக்கம். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் ஒரு பூசணத்தின் வேலை; சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின, தேயிலை வந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பூசணங்களை ஆராய்ந்த அந்தக் கால அறிஞர்களின் உழைப்பில் பெரும்பகுதி நோய்களைத் தேடுவதிலேயே போனது. உதவி செய்யும் பூசணம் மண்ணுக்குள் ஒளிந்திருந்ததால் எளிதில் கண்ணில் படவில்லை.

அது செய்யும் உதவி என்ன? மரம் இலையில் சமைக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பூசணத்துக்குப் போகலாம். பதிலுக்குப் பூசணம் தன் இழைகளை மண்ணுக்குள் அனுப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசையும் நாகம், செம்பு போன்ற சத்துகளையும் கொண்டுவந்து வேருக்குள் சேர்க்கிறது. கண்டி மலைகளின் செம்மண் அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மண்ணில் சத்து இருந்தும் கன்றுக்குக் கிடைப்பதில்லை. பூசண இழை பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் கொண்டது. வேர்முனை நுழைய முடியாத மண் துளைகளில் அது நுழைகிறது.

வரட்சியில்தான் இதன் அருமை தெரிகிறது. மண் காயும்போது பொசுபரசு வேரை நோக்கி நகரும் வேகம் வெகுவாகக் குறைகிறது. சுருங்கிய வேருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. பெரிய துளைகளில் நீர் வற்றிப்போய், மிச்சமிருப்பது நுண்துளைகளில் ஒட்டிய மெல்லிய படலம் மட்டுமே. அந்த இடைவெளியைத் தாண்டி நிற்பவை பூசண இழைகள். அவை மண் துணிக்கைகளைப் பிணைத்துக் கட்டிகளாக்குவதால், பெய்யும் மழையும் ஓடிப்போகாமல் கொஞ்சம் கூடுதலாக ஊறுகிறது. பூசணம் கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருவதில்லை. சத்துக்குறை இல்லாத, ஆழமாக வேர்விட்ட கன்றாக அதை வரட்சிக்குள் அனுப்பிவைக்கிறது. பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையே பல சமயம் இரண்டு மூன்று வாரங்கள்தான். அந்த வாரங்களைக் கடக்க இது போதும்.

வேருக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பாடசாலை ஆய்வுகூடமே போதும். நூல்போன்ற இளவேர்களைக் கழுவி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கினால் வேரின் நிறம் கரைந்து கண்ணாடிபோலாகும். பிறகு வினாகிரியில் சில துளி பேனா மை கலந்து சில நிமிடம் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். நுணுக்குக்காட்டியில் வைத்தால், நிறமற்ற வேர்க்கலங்களுக்கு இடையே நீல இழைகள் ஓடுவது தெரியும். சில கலங்களுக்குள் அந்த இழை கிளை கிளையாகப் பிரிந்து குட்டி மரம்போல விரிந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் அதுதான். ஆங்காங்கே முட்டை வடிவப் பைகள் நீலமாகத் திரண்டு நிற்கும். அவை பூசணத்தின் கொழுப்புச் சேமிப்பு. எதுவும் தெரியாமல் வேர் வெறுமையாக இருந்தால், அந்தக் கன்று துணையில்லாமல் மலைக்குப் போகப்போகிறது என்று பொருள்.

பலா, மா, வேம்பு, புளி, பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றின் பூசணம் இப்படி வேர்க்கலத்துக்குள்ளேயே குடியிருக்கும் வகை. ஹொர போன்ற சில மரங்களுக்கு வேறொரு வகை. அது வேர்நுனியைச் சுற்றி உறைபோல் படரும், பல சமயம் மரத்தடியில் காளானாக முளைக்கும். பைனஸ் மரமும் இந்த இரண்டாம் வகைதான். பைனஸின் கதை கண்டிக்கு முக்கியமானது.

ஹந்தானை மலையில் ஏறியவர்கள் அந்தப் பைனஸ் காடுகளை அறிவார்கள். மண் தேய்ந்த தேயிலைக் காணிகளிலும் புல்வெளிகளிலும், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், நீரேந்துப் பகுதியைக் காக்கவென்று நடப்பட்ட கரீபியன் பைனஸ் அது. உள்ளூர் மரங்கள் தடுமாறிய கெட்ட மண்ணில் அந்நிய மரம் எப்படி நிமிர்ந்து நின்றது? விடையின் ஒரு பகுதியைப் புவேர்ட்டோ ரிக்கோ தீவு சொல்லும். அங்கே பைனஸ் இயற்கையாக இல்லை. கொண்டுபோய் நட்ட கன்றுகள் சில அங்குலம் வளர்ந்து, மஞ்சளித்து, செத்துக்கொண்டே இருந்தன. 1955இல் அமெரிக்காவின் வட கரோலைனாப் பைனஸ் காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து நாற்றுகளுக்கு இட்டார்கள். அந்த நாற்றுகள் பச்சைபிடித்து வளர்ந்தன. இடாதவை மஞ்சளாகவே நின்றன. முதிர்ந்த பைனஸ் அடியின் மண்ணை நாற்றுமேடையில் கலப்பது வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. டொனால்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க வன ஆய்வாளர் 1970களில், நிலக்கரி தோண்டிப் பாழான அப்பலாச்சிய நிலங்களில்கூடப் பொருத்தமான பூசணம் ஏற்றிய பைனஸ் கன்றுகளைப் பிழைக்கவைத்துக் காட்டினார்.

அந்நிய மரத்துக்கு அதன் பூசணத்தைத் தேடிக் கொடுத்த உலகம், உள்ளூர் மரத்துக்கு அதையே செய்ய மறந்துவிட்டது. மருதும் நாவலும் இந்த மண்ணில் பிறந்தவை, அவற்றுக்கு வேண்டியது இங்கேயே இருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். மேல்மண் அடித்துப்போன சரிவில் அது இருப்பதில்லை. இவ்வகைப் பூசண வித்துகளில் பெரும்பகுதி மேலுள்ள சில அங்குல மண்ணில்தான் கிடக்கிறது. மேல்மண் போனால் அவையும் போகும். அடிக்கடி தீ வைத்தால் மிச்சமும் குறையும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தில் சரிந்த மலைப்பக்கங்களில் இன்று வெளியே தெரிவதும் இத்தகைய உயிரற்ற அடிமண்தான். பைனஸ் காட்டின் அடியில் பூசணம் நிறைந்திருந்தாலும் அது பைனஸுக்கான வகை. அதன் நடுவே நடும் நாவல் கன்றுக்கு அந்த உறவு உதவாது.

பேராதனைப் பல்கலைக்கழகம் இந்த விடயத்தில் நாட்டுக்கு நல்ல அடித்தளம் இட்டிருக்கிறது. இலங்கைக் காட்டு மரங்களின் வேர்ப்பூசணங்கள் பற்றிய டி அல்விஸ், அபேநாயக்க ஆகியோரின் கணக்கெடுப்பு 1980இலேயே வெளிவந்தது. 2005இல் தென்னக்கோன் தலைமையிலான குழு, ஹொர குடும்பத்தைச் சேர்ந்த ஷோரியா இனங்களின் நாற்றுகளில் பூசணம் எவ்வளவு படர்கிறது, நிழலின் அளவு அதை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தது. பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக இருவரும் அமெரிக்காவின் மார்க் ஆஷ்டனோடு சேர்ந்து, சிங்கராஜ ஓரத்துப் பைனஸ் காட்டுக்குள் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்த்த முயற்சி உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

காய்ந்த சரிவுகளுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு நக்கிள்ஸ் வனத்தில் நடந்தது. கைவிடப்பட்ட காணிகளில் மானாப்புல் பரவி உருவான புல்வெளிகளில் ஏன் மரம் திரும்பி வருவதில்லை என்ற கேள்வியை ஆய்வாளர் குணரத்ன தன் குழுவோடு எடுத்துக்கொண்டார். 2010, 2011இல் வெளியான அவர்களது முடிவுகள் நாற்று நடுகிற ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. கன்றைச் சுற்றிய புல்லின் வேர்ப்போட்டியை நீக்கியபோது கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன, கூடுதலாக வளர்ந்தன. பூசணத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. மானாப்புல்லுக்கும் வேர்ப்பூசணம் இருக்கிறது. ஆகவே அடர்ந்த புல்வெளி மண் பூசணமே இல்லாத மண் ஆகாது. அங்கே கன்றைக் கொல்வது முதலில் புல்லின் பசி. பூசணம் சேர்த்த கன்றையும் புல்லுக்கு நடுவே அப்படியே செருகினால் பலன் இராது. சுற்றிலும் புல்லை வேரோடு அகற்றி, அதையே மூடாக்காகப் போட வேண்டும். பூசணத்தின் குறை பெரிதாகத் தெரிவது வெட்டுண்ட மண்திட்டுகள், மண்சரிவுத் தழும்புகள், நீண்டகாலம் தரிசாய்க் கிடந்து அரித்துப்போன காணிகள் ஆகியவற்றில்.

ஹந்தானை வீதியில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1981இல் உருவானது. அவரை இனச் செடிகளுக்கு நைதரசன் தரும் பற்றீரியாவைப் பொதிகளாக்கிக் கமக்காரர்களிடம் கொண்டுபோன பேராசிரியர் குலசூரியவின் பணி இங்கே நடந்தது. பூசணமும் பற்றீரியாவும் சேர்ந்த உயிர்ப்படல உரத்தைக் காமினி செனெவிரத்ன வளர்த்தெடுத்ததும் இங்கேதான். அதே நிறுவகத்தின் பொறுப்பில் தம்புள்ளையில் ஒரு காடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்தக் கதை முழுமையாகாது.

தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய பிரித்தானியர் சாம் பொப்ஹம், 1963இல் தம்புள்ளையில் சேனை செய்து கைவிட்ட பற்றைக்காணி ஒன்றை வாங்கினார். அங்கே அவருக்குச் சிறு வீடொன்றை வடிவமைத்துக் கொடுத்தவர் ஜெஃப்ரி பாவா. பற்றையைத் துப்புரவாக்கிக் கன்றுகள் நட்டார். வெயிலில் அவை தாக்குப்பிடிக்கவில்லை. வெட்டாமல் விட்ட பற்றைக்குள்ளோ முதிரையும் பாலையும் கருங்காலியும் தாமாகவே தலைகாட்டிக்கொண்டிருந்தன. நடுவதை விட்டார். முட்பற்றையைப் பக்குவமாக விலக்கி, இருக்கும் மரக்கன்றுகளுக்கு வெளிச்சம் கொடுத்து, அவற்றைக் காப்பதே போதும் என்று கண்டுகொண்டார். இன்று அங்கே நிழலில் நடந்து போகலாம். பொப்ஹம் பூசணத்தை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் இன்றைய அறிவோடு பார்த்தால் அவர் முறையின் ஒரு பலம் விளங்குகிறது. வெட்டாமல் விட்ட பற்றையின் வேர்களில் பூசணம் உயிரோடு இருந்திருக்கும்; முளைத்த கன்று அதே மண்ணில், அதே நிழலில் அதைப் பெற்றுக்கொண்டிருக்கும். வெட்டித் தீவைத்துத் துப்புரவாக்கிய நிலத்தில் நடுவதைவிட, பற்றையின் ஓரத்தில் நடுவது மேல் என்பதற்கு இது நல்ல சான்று.

தானாக முளைக்க விதையே வராத சரிவுகளில் நட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே நாற்றுமேடையிலேயே வேரைத் தயார்செய்யலாம். வேர்க்கலத்துக்குள் குடியிருக்கும் வகைப் பூசணத்தை ஆய்வுகூடத் தட்டில் தனியாக வளர்க்க முடியாது. உயிருள்ள வேர் வேண்டும். அதனால் முறையும் வயற்காட்டு முறைதான். நட இருக்கும் இடத்துக்கு அருகே, அதேபோன்ற வெயிலும் மண்ணும் உள்ள இடத்தில், நன்றாக வளரும் உள்ளூர் மரத்தின் அடியில் சருகை விலக்கி, இளவேர்களோடு ஒரு சாண் ஆழத்துக்குள் மண் எடுக்க வேண்டும். அதைக் கழுவிய மணலோடு கலந்து, தொட்டியிலோ சாக்கிலோ நிரப்பிச் சோளமோ இறுங்கோ விதைக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் அந்த வேர்களில் பூசணம் பெருகிவிடும். பிறகு தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, மேற்பகுதியை வெட்டி எறிந்து, வேரையும் மண்ணையும் நறுக்கிக் கலந்தால் அதுவே வித்து. நாற்றுப் பையில் விதைக்குக் கீழே, வேர் தொடும் இடத்தில், ஒரு பிடி போதும். பொசுபேற்று உரத்தை அள்ளிப்போட்டால் கன்று பூசணத்தை ஏற்காது. பூசணநாசினி தெளித்தால் பூசணம் சாகக்கூடும். நடும் முன் இளவேரில் நோய் உண்டா என்று பார்ப்பதும் அவசியம், காட்டு மண்ணோடு நூற்புழுவும் வேரழுகலும் வரக்கூடும்.

மண் எங்கிருந்து எடுப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். உடவத்தகெலையும் நக்கிள்ஸும் பாதுகாக்கப்பட்ட வனங்கள்; அங்கே ஒரு கூடை மண்ணையும் அனுமதியின்றித் தொடக்கூடாது. வீட்டுத்தோட்டத்துப் பழைய பலா, கோயில் வளவின் மரம், தோட்ட எல்லையில் மிஞ்சிய காட்டுத்துண்டு ஆகியவற்றில் வேண்டிய மண் கிடைக்கும். ஒரு சாக்கு மண் பல்கிப் பெருகி ஆயிரக்கணக்கான பைகளுக்கு வரும் என்பதால் திரும்பத் திரும்பத் தோண்டவும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இது வழக்கத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பாக்யராஜ் இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேர் உட்பூசணம் என்ற பெயரில் இதை விற்கிறது. விவசாயிகள் சுருக்கமாக ‘வேம்’ என்கிறார்கள். பொதியில் வருவதை வாங்கிப் போடலாமே என்று கேட்கலாம். பயிருக்கு அது உதவக்கூடும். காட்டுக்கு, ஊர்ப் பூசணமே மேல். அமெரிக்கப் புல்வெளிகளை மீட்கும் பணியில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பெவரும் லிஸ் கோசியோலும் செய்த ஆய்வுகளில், உள்ளூர் மண்ணிலிருந்து பெருக்கிய பூசணமே உள்ளூர்ச் செடிகளைத் தூக்கிவிட்டது. நெதர்லாந்தில் பாழான வயல்களில் மெல்லிய படலமாகத் தூவிய மண் எந்த நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, ஆறு ஆண்டுகளில் அந்த நிலத்தின் செடிகளை நோக்கியே வயல் நகர்ந்ததாக 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடையில் வெயில்பட்டு வைத்திருந்த பொதியில் பூசணம் உயிரோடு இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

மரங்கள் பூசண வலை வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் இப்போது பரவலாக எழுதுகிறார்கள். காட்டில் அதற்குள்ள சான்று அவ்வளவு உறுதியானதல்ல என்று அத்துறை விஞ்ஞானிகளே 2023இல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதை நிற்குமோ விழுமோ, கன்றுக்கும் பூசணத்துக்கும் இடையிலான நேரடிக் கொடுக்கல் வாங்கலில் ஐயமில்லை. கண்டிச் சரிவுகளுக்கு அதுவே போதும்.

மரநடுகை விழாக்களில் எத்தனை கன்று நடப்பட்டது என்பது அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நின்றன என்பதையும் அறிவிக்க வேண்டும் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. கன்று வாங்கும்போது பையில் எந்த மண் என்று கேளுங்கள். உங்கள் பாடசாலையிலோ சங்கத்திலோ நாற்றுமேடை இருந்தால், நாற்றுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் இந்த வித்தை இட்டு, இரு பாதியையும் ஒரே சரிவில் நட்டு, இரண்டு வரட்சிக் காலம் கழித்து எண்ணிப் பாருங்கள், எண்ணியதை வெளியிடுங்கள். வித்து தயாராக நான்கு மாதம், அதன்மேல் கன்று பையில் வேர்பிடித்து வளர இன்னும் சில மாதம் ஆகும். ஒக்டோபர் மழைக்கு நட நினைப்பவர்கள் சோளத் தொட்டியை அந்த ஆண்டின் ஜனவரியிலேயே வைத்துவிட வேண்டும்.